சீனி சாப்பிடவில்லை

ஓனர்தானே என்று ரொஹானா வழக்கம்போலக் கேட்டாள். ஓனர்தான் என்று தாட்சாயணியும் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, மருந்துத் தண்ணீர்த் தட்டில் செருப்புக்காலை வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு வாரத்துக்கு மேலாக வந்துபோகிற ஆளைப் பார்த்து இன்னும் ஓனரா என்று கேட்கிறாளே இந்த மலாய்க்காரப் பெண் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ஓனரைத் தவிர யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது இந்த இடத்தின் சட்டம், கேட்காமல் விட்டால் அவள் வேலைக்கு வேட்டு. இப்போது பழகிவிட்டது. கோயிலில் குருக்கள் தினமும்தான் பேர் நட்சத்திரம் கேட்கிறார், நேற்றே சொன்னேனே என்று யார் சண்டை போடுகிறோம். நடையின் இரண்டு பக்கமும் அறை அறையாகப் பூனைகள். ஒன்று கம்பிவலையில் கன்னத்தைத் தேய்த்தது, ஒன்று இமைக்காமல் பார்த்தது, சாம்பல் நிறத்தில் ஒன்று, எந்தத் தேசத்திலிருந்து வந்ததோ, ஊரை விலைக்கு வாங்கினவன் மாதிரி மல்லாந்து கிடந்தது. இவையெல்லாம் வெறும் காத்திருப்புக் கேஸ்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மிருகம் சிங்கப்பூருக்குள் காலெடுத்து வைக்கும் முன் இத்தனை நாள் அடைந்து கிடக்கவேண்டும், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம், அதுவரைக்கும் ஓனர்கள் மத்தியானத்தில் வந்து மடியில் வைத்துக் கொஞ்சலாம். சீனிக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. கடைசி அறை, கதவில் மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டை என்றால் சந்தேகக் கேஸ், தொடக்கூடாது, வலைக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். தாட்சாயணி உட்கார்ந்தாள். உள்ளே மேல்தட்டின் மூலையில் சீனி நேற்று இருந்த இடத்திலேயே சுவரைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். கீழே கிண்ணத்தில் சாப்பாடு போட்டது போட்டபடி இருந்தது. முதலில் ஒன்றிரண்டு வாய் கொறித்தவள், மூன்று நாளாக அதையும் விட்டுவிட்டாள்.

இன்று சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்று டாக்டரம்மா காலையில் போனில் சொல்லியிருந்தாள். அதற்குள் தானாக வாய் வைக்காவிட்டால் மயக்க ஊசி போட்டு மூக்கு வழியாகக் குழாய் இறக்கவேண்டும். பட்டினி கிடக்கிற பூனைக்கு ஈரல் சட்டென்று கெட்டுப்போகும், ஒன்பது வயதில் மயக்க மருந்தைத் தாங்குமா என்பது வேறு கவலை. பாடம் எடுப்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். தாட்சாயணிக்குத் தெரியாத பாடமா. திருவாரூரில் காலேஜ் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள், ஈரலைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைவாள். வரைந்து என்ன, வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு முதுகைத் திருப்ப முடியவில்லை. சீனிக்குட்டி என்றாள். தங்கம் என்றாள். அம்மா வந்திருக்கேன் பாரு என்றாள், சொல்லும்போதே நடையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். சீனியின் ஒரு காது கொஞ்சம் பின்னுக்கு மடிந்து மறுபடி நிமிர்ந்தது. கேட்டாயிற்று, போதும் என்று அதற்கு அர்த்தமாக இருக்கலாம். மேலே மின்விசிறி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரங்கள் மத்தியானத்திலேயே இலையை மடக்கத் தொடங்கியிருந்தன. மழை வரப்போகிறது என்று இவற்றுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, வானம் இருட்டும் முன் இவை தூங்கிவிடுகின்றன. அவளுக்கும் கண் சொக்கியது. ராத்திரியெல்லாம் புரண்டு படுத்துவிட்டு மத்தியானம் ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கு மாறி, ஆள் நடமாட்டமில்லாத அகலச் சாலையில் நடந்து வந்து இப்படி உட்கார்ந்தால் வராத தூக்கமெல்லாம் வந்து சேருகிறது.

கண்ணை மூடினால் விமானம். ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்கும்வரை அவள் காலை இருக்கைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். பக்கத்தில் கதிரேசன், அவள் புருஷன், ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே, கால் மரத்துப்போகும் என்றான். அவளுக்கு வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. காலுக்குக் கீழே எங்கோ, பெட்டிகளுக்கு நடுவில், இருட்டில் சீனி இருக்கிறாள், மேலே காலை வைக்கக்கூடாது என்று தோன்றியது. நேர் கீழேதான் இருக்கிறாள் என்று யார் சொன்னது, வாலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், மூக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், ஆனாலும் காலைக் கீழே போட மனசு வரவில்லை. கடலுக்கு மேலே வந்தபோது எல்லாரும் தூங்கினார்கள். இன்ஜின் சத்தத்துக்குள்ளே மெல்லிசாக ஒரு மியாவ் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அப்புறம் இன்ஜினே மியாவ் என்றது. இப்போது இந்த மின்விசிறியும் அதையே சொல்கிறது, அவள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே பார்க்கிறாள், தரையெல்லாம் தண்ணீர், கமலாலயக் குளத்துத் தண்ணீர், பச்சையாக, அசையாமல். குளத்துக்கு நடுவில் அவர்கள் குடியிருந்த வாடகை வீடு மிதக்கிறது. மாடியில் துணி காய்கிறது. சமையல்கட்டு ஜன்னலில் அத்தை, அவள் மாமியார், நிற்கிறாள், கையில் என்னவோ வைத்திருக்கிறாள், அது கரண்டியா வேறு எதாவதா தெரியவில்லை, நுனி மட்டும் சிவப்பாக இருக்கிறது. தலை ஒருபக்கம் சாய்ந்து விழித்துக்கொண்டாள். தரை காய்ந்த சிமெண்டுத் தரைதான். முதுகு அப்படியே இருந்தது.

அந்த வெள்ளை முதுகுக்கு மேலே, இரண்டு காதுக்கும் நடுவில், அந்தக் கறுப்பு. எதை நினைத்தாலும் கடைசியில் நினைப்பு அங்கேதான் வந்து மாட்டுகிறது. பொட்டு அளவுக்கு வட்டமாக, முடி ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்த பொருக்கு மாதிரி. சர்க்கரை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்ததால்தான் சீனி என்றே பேர் வைத்தது, உடம்பில் வேறு நிறத்தில் ஒரு முடி கிடையாது. வந்து இறங்கிய அன்று சோதனை மேஜையில் டாக்டரம்மா விளக்கை இழுத்துத் தலையைப் பார்த்து, இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டபோது தாட்சாயணி அப்போதுதான் குனிந்து பார்த்தாள். நான் பார்த்ததே இல்லை என்றாள். ஓனர் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் பேசுகிற பேச்சா அது. படர்தாமரை மாதிரி பூஞ்சையாக இருக்கலாம், முடியைப் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்புவோம், முடிவு வரும்வரை யாரும் தொடக்கூடாது என்றாள் டாக்டரம்மா. பிடுங்கப் போனவர்களின் கையை சீனி ரத்தம் வரக் கீறிவிட்டாள், அதோடு அவளை யாரும் சீண்டவில்லை. போகிற போக்கில் டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டாள். எங்கேயாவது சூடு பட்டதா, தீக்காயம் மாதிரியும் இருக்கிறது. இல்லையே என்று தாட்சாயணி உடனே சொல்லிவிட்டாள். சொன்ன வாய் மூடவில்லை, உள்ளே எதுவோ வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

சூடு வச்சாத்தான் அடங்கும் என்று அத்தை சொல்லாத நாள் உண்டா. கதிரேசனின் அம்மா, லோகாம்பாள் என்று பேர், மகனும் மருமகளும் அவளும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தார்கள். ஒரு மழைநாளில் காலேஜ் வாசலில் நனைந்துகொண்டிருந்த குட்டியைத் தாட்சாயணி ஸ்கூட்டர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தபோது அத்தை நடையிலேயே வழிமறித்தாள். பூனை ஆகாது, முடி ஆகாது, குறுக்கே போனால் போகிற காரியம் உருப்படாது. பேச்சோடு நிற்கவில்லை. கடைக்குக் கிளம்புவாள், குட்டி குறுக்கே ஓடும், திரும்பி உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புவாள், அது மறுபடி ஓடும். வெளியே ஒரு பென்ஷன் வேலை இருந்தால் வீட்டுக்குள்ளேயே அரைப் பானைத் தண்ணீர் காலியாகும். கடைசியில் வீட்டுப் பூனைக்குச் சகுனம் கிடையாது என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள், கதிரேசன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் திட்டு மட்டும் நிற்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, அது இது என்பதோடு சரி. லீவு நாளில் தாட்சாயணி பார்த்திருக்கிறாள், மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் அத்தை தரையில் தட்டைப் போட்டு உட்காருவாள், இந்தப் பக்கம் சீனி வந்து உட்காருவாள், கருவாட்டுத் தலையோ மீன்முள்ளோ தட்டிலிருந்து விழும், விழும்போதே திட்டும் விழும். இப்படிக் கரித்துக் கொட்டிக்கொண்டு போட்டால் அந்த ஜீவனுக்கு உடம்பில் ஒட்டுமா என்று தாட்சாயணி ஒருமுறை கேட்டே விட்டாள். ஒட்டாமத்தான் இப்படிப் பூசணிக்கா மாதிரி இருக்குதாக்கும் என்றாள் அத்தை. அப்போது அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது, இப்போது ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரிகிறது.

ஏனென்றால் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கதிரேசனுக்கு இங்கே வேலை கிடைத்தது, அவன் சம்பளத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொள்ளலாம், அம்மாவைக் கூட்டிக்கொள்ள அதைவிடப் பெரிய சம்பளம் வேண்டுமாம். பூனையைக் கூட்டிக்கொள்ள சம்பளக் கணக்கே கேட்கவில்லை. ஊசி போடு, ரத்தம் எடு, கழுத்துத் தோலுக்குள் சின்னதாக ஒரு அடையாளச் சிப்பைப் பதி, கொண்டு வா. தெருவில் சும்மா இருப்பார்களா, மாமியாரை விட்டுட்டுப் பூனையைக் கட்டிட்டுப் போறா பாரு என்று பேச்சு வந்தது. எதிர்வீட்டுக்காரி அதை அத்தையிடமே சொன்னாள். அத்தை சிரித்துக்கொண்டே, அதுக்கு ரெண்டு ஊசி போட்டா விசா, எனக்குப் பத்து ஊசி போடச் சொல்லுங்க, குத்திக்கிறேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தாட்சாயணியும் சிரித்தாள், சிரித்துவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். அத்தை கும்பகோணத்தில் மகள் வீட்டோடு போய் இருப்பது என்று முடிவானது. யாரும் கேட்கும் முன்னால் அவளே சொன்ன முடிவு அது. நல்லதுதான், அங்கே காவிரி இருக்கு என்றாள். காவிரியில் எப்போது தண்ணீர் ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மனுஷி எத்தனை நாள்தான் சிரிக்க முடியும், அவ்வளவு சிரிப்பும் ஒரு விடிகாலையில் வேறு எதாகவோ மாறாதா.

அந்த விடிகாலையைத் தாட்சாயணி இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை தடவை உரித்துப் பார்த்துவிட்டாள். கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. இவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வருகிறாள். சீனியைக் கூடைக்குள் போடுவதுதான் பெரிய வேலை, ஒரு வாரமாக அதை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தார்கள், ஆனால் கூடை பூட்டியிருக்கிறது, சீனி உள்ளே இருக்கிறாள், கூடைமேல் அத்தையின் பழைய நூல்புடவைத் துண்டு போர்த்தியிருக்கிறது. யார் போட்டது என்றாள். அதுவே போயி உட்காந்துகிச்சு என்றாள் அத்தை, முகத்தைக் கொடுத்துப் பேசவில்லை. தானாகப் போய் உட்காருகிற பூனையா அது. அப்புறம் அந்த வாசனை. சமையல்கட்டிலிருந்து என்னவோ கருகின வாசனை. அடுப்பில் ஒன்றும் இல்லை, பாத்திரமெல்லாம் மூட்டை கட்டியாயிற்று, கருகுவதற்கு என்ன இருக்கிறது. முடி பொசுங்கினால் அப்படி வருமா. காட்டமும் இல்லை, தும்மலும் வரவில்லை, வெறும் கரி வாசனை. கேட்க நேரம் இல்லை, கதிரேசன் வாசலிலிருந்து சத்தம் போட்டான். கூடையைத் தூக்கியபோது அத்தை ஒரு அடி பின்னால் நகர்ந்து, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மறைத்தாள்தானே. குளிருக்குப் போர்த்திக்கொண்டாளா. மார்கழியா என்ன, எதற்குக் குளிர். மறைத்தாள். கருகின வாசனை, மறைத்த கை, பூட்டின கூடை, தலையில் வட்டமாக ஒரு வடு. காலேஜில் ஒரு பெண் இப்படி விடை எழுதியிருந்தால் தாட்சாயணி முழு மார்க் போட்டிருப்பாள். கதிரேசனிடம் சொல்லவில்லை. உங்கம்மா பூனைக்குச் சூடு வச்சுட்டாங்க என்று எந்த வாயால் சொல்வது, சொன்னால் அப்புறம் எந்தக் காலத்தில் அதைத் திருப்பி எடுப்பது. சீனி சாப்பிடவில்லை என்று சொல்லும்போதெல்லாம், பசிச்சா தானா சாப்பிடும் என்றான். அவன் ஆபீஸில் அவனுக்கும் ஆயிரம் கவலை. இதை இவளே விழுங்கினாள், விழுங்கினது இறங்கவில்லை.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பார்க்காமலே தெரியும். இந்த நேரத்தில்தான் கூப்பிடுகிறாள், தினமும், மத்தியானத்தில். அத்தை என்று எழுத்து ஒளிர்ந்தது, அதன்கீழே போன பொங்கலுக்கு எடுத்த படத்தில் அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். வந்ததிலிருந்து தாட்சாயணி எடுக்கவில்லை. முதலில் வேலை என்று எடுக்கவில்லை, அப்புறம் சந்தேகத்தில் எடுக்கவில்லை, இப்போது எடுத்தால் என்ன வாயில் வரும் என்ற பயத்தில் எடுக்கவில்லை. போன் ஓய்ந்தது. மழை வந்தது. தகரக் கூரையில் எங்கேயோ முதலில் ஒன்றிரண்டாக, அப்புறம் மொத்தமாக. அந்தச் சத்தத்தில் நடையிலிருந்த பூனைகளெல்லாம் அடங்கிப்போயின. நாங்கள் எல்லாருமே ஒரு பெரிய பெட்டிக்குள் இருக்கிறோம், யாரோ எங்களை எங்கேயோ கொண்டுபோகிறார்கள் என்று அவளுக்கு அரைத்தூக்கத்தில் தோன்றியது. அவளுக்கும் இங்கே வீடு என்று ஒட்டவில்லை. பதினாலாம் மாடி, கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் கிடையாது, சமைத்து வைத்துவிட்டுத் தனியாகத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் தொண்டைக்குள் இறங்கமாட்டேன் என்கிறது. நேற்று சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து அப்படியே மூடி வைத்துவிட்டாள். நீயும் அப்படித்தானாடி என்று சீனியின் முதுகைக் கேட்டாள். பசி இல்லாமல் இல்லை. கூட உட்கார ஆள் இல்லை. ஆனால் நான் இதோ உட்கார்ந்திருக்கிறேனே, கெஞ்சிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து. போன் மறுபடி அதிர்ந்தது. மணி இரண்டரை, ஊரில் பன்னிரண்டு. சாயங்காலம் குழாய். சட்டென்று அவளுக்குக் கோபம் தலைக்கேறியது, கேட்டுவிடுவது, நேராகக் கேட்டுவிடுவது, சூடு வச்சீங்களா அத்தை, ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எடுத்தாள்.

"தாட்சா, நான்தான்," என்றாள் அத்தை. "எடுத்துட்டியா. வேலையா இருந்தா வச்சுடுறேன்."

வேலை இல்லை என்று தாட்சாயணி சொல்வதற்குள் அத்தையே அவசரமாகப் பேசிக்கொண்டு போனாள், பக்கத்தில் யார் காதிலும் விழக்கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில். கதிரைக் கேட்டால் எல்லாம் நல்லா இருக்கு என்கிறானாம், அவன் சொல்வதை அவள் எப்போது நம்பினாள். இங்கே மகள் வீட்டில் எல்லாரும் மேஜையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்களாம், இவளுக்கு அது சரிப்படவில்லையாம், மத்தியானம் சாப்பாடே பிடிக்கவில்லையாம். தட்டைப் போட்டுவிட்டு இன்றைக்காவது எடுப்பாயா என்று கூப்பிட்டாளாம். நாக்கு நுனி வாக்கியம் அப்படியே இருந்தது. தாட்சாயணி வாயைத் திறந்தாள்.

"அது தலையில ஒண்ணு வச்சேன், இருக்கா," என்றாள் அத்தை. "கிளம்புன அன்னைக்கு. நீ படிச்சவ, பார்த்தா ஏதாச்சும் சொல்லுவேன்னுதான் சொல்லல. மைப்பொட்டுதான். கதிருக்குக் கொழந்தையில கூட்டுன மாதிரியே வெளக்கெண்ணெய் விட்டுக் கூட்டுனேன். அவ்ளோ தூரம் போவுது, வெள்ளை வெளேர்னு வேற இருக்கு, எத்தனை பேரு கண்ணு. மொளகா சுத்திப் போட்டேன், நெடியே வரல தாட்சா. அழியாம இருக்கா."

மழை பெய்துகொண்டிருந்தது. திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது, வெறுமனே கருகும். இதைத் தெரிந்துகொள்ள எந்தக் காலேஜுக்கும் போகவேண்டியதில்லை, அவள் பிறந்த வீட்டிலும் இதையேதான் செய்தார்கள், தும்மல் வராத கரி வாசனையை மூக்குக்குள்ளேயே வைத்துக்கொண்டு இத்தனை நாள் அவள் முடி பொசுங்கியதா என்று ஆராய்ச்சி செய்திருக்கிறாள். முந்தானைக்குள் மறைத்த கையின் விரலில் இருந்தது மை. பூனையைத் தொட்டே பார்க்காதவள் அதை மடியில் இருத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு விரலால் தொட்டு வைத்திருக்கிறாள். அதுவும் அவள் மடியில் இருந்திருக்கிறது. சீனி தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தியதால்தான் அது இன்னும் அழியாமல் இருக்கிறது, காய்ந்து, பொருக்காகி, டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்க்கும்படியாக. தாட்சாயணிக்கு வெட்கமாக இருந்தது. பெரிய வெட்கம், உடம்பெல்லாம் சுடுகிற வெட்கம், ஒரு மனுஷியை மனசுக்குள் வைத்து இத்தனை நாள் என்னவெல்லாம் செய்துவிட்டோம் என்ற வெட்கம். இருக்கு அத்தை, அப்படியே இருக்கு என்று சொன்னாள். அந்தப் பொட்டால்தான் தொடமுடியாமல் போனது என்று சொல்லவில்லை, அதை இந்த ஜென்மத்தில் சொல்லப்போவதும் இல்லை. சாப்பிட மாட்டேங்குறா அத்தை என்று மட்டும் சொன்னாள். மழைச் சத்தத்துக்காகத் தாட்சாயணி ஸ்பீக்கரைப் போட்டாள். ஏன், என்ன போடுறாங்க என்று அத்தை கேட்டது அறைக்குள் சத்தமாக விழுந்தது, மேல்தட்டில் சீனியின் இரண்டு காதும் ஒரேயடியாகத் திரும்பின.

காது மட்டும்தான் திரும்பியது. தாட்சாயணி மூச்சை அடக்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள், போனை வலையோடு ஒட்டிப் பிடித்தாள். பன்னிரண்டு மணி. அவள் காலேஜில் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும் நேரம், ஒன்பது வருஷமும் அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தது, யார் தட்டுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தது. தங்கம் என்றும் குட்டி என்றும் அந்த நேரத்தில் சீனியை யாராவது கொஞ்சியிருக்கிறார்களா. அவளுக்குச் சாப்பாடு என்பது வேறு சத்தத்தோடு வருவது. அத்தை, அவளைத் திட்டுங்க என்றாள் தாட்சாயணி. என்னது என்றாள் அத்தை. தினம் திட்டுவீங்களே, சாப்பாடு போடும்போது, அதே மாதிரி. உனக்கு என்ன பைத்தியமா, பக்கத்து ரூமில் மாப்பிள்ளை இருக்கார் என்று அத்தை கூச்சப்பட்டாள். அப்புறம் தட்டு தரையில் உராய்கிற சத்தம் கேட்டது, கும்பகோணத்தில் எங்கேயோ ஒரு அறையில், மேஜையை விட்டுவிட்டுத் தரையில் போட்ட தட்டு.

"வந்துட்டா மகாராணி," என்றாள் அத்தை. முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். "ஏன், எறங்கி வந்தா கிரீடம் கழண்டுருமோ. கப்பல்ல போறா, ஏரோப்ளேன்ல போறா, போட்டதைத் திங்க மட்டும் வலிக்குதா. ஊரு சோறு எறங்காதோ ஒனக்கு. தின்னு தொலை. தின்னுட்டு எங்கயாச்சும் போ. எங்கயாச்சும் போன்னுதானே தெனம் சொன்னேன். போயிட்டே. போயே போயிட்டே."

திட்டு நடுவில் உடைந்து, மூக்கை உறிஞ்சி, மறுபடி எடுத்துக்கொண்டு ஓடியது. சீனி எழுந்தாள். முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தாள், ஏதோ இப்போதுதான் தூங்கி எழுந்தவள் போல, தாட்சாயணி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்குக் குதித்துத் தரைக்கு வந்தாள். வலைக்குப் பக்கத்தில் வந்து போனை முகர்ந்தாள். தலையில் பொட்டு கறுப்பாக, வட்டமாக, கொஞ்சமும் கோணாமல் இருந்தது. கிண்ணத்துக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டாள். காய்ந்த சாப்பாடு பல்லில் நொறுங்கும் சத்தம் கேட்டது, திட்டு நின்றால் அதுவும் நின்றது, நிறுத்தாதீங்க அத்தை என்று தாட்சாயணி சைகை காட்டினாள், காட்டிய பிறகுதான் போனில் சைகை தெரியாது என்று உறைத்தது. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை, நொறுங்குகிற சத்தம் கும்பகோணத்துக்கும் கேட்டிருக்கவேண்டும், அத்தை இன்னும் பலமாக ஆரம்பித்தாள், அவளும் நடுநடுவே வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே திட்டினாள். நடையில் ரொஹானா ஓடிவந்தாள். மஞ்சள் அட்டை அறையில் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள், வந்தவள் கிண்ணத்தைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், வலையில் ஒட்டிப் பிடித்திருந்த போனைப் பார்த்தாள், அதற்குள்ளிருந்து ஒரு கிழவி தெரியாத பாஷையில் கத்துவதைக் கேட்டாள். பொட்டைப் பற்றி இவளிடமும் டாக்டரம்மாவிடமும் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தாட்சாயணிக்குத் தெரியவில்லை, இன்றைக்கே சொல்லிவிடத்தான் வேண்டும். யார் இது, இவ்வளவு கோபமாக என்று ரொஹானா மெல்லக் கேட்டாள்.

ஓனர் என்றாள் தாட்சாயணி.